காம்ட்ரேட், அட்லஸ், ஐ.எல்.ஓ. ஸ்டாட்: தொழில் கொள்கையைச் சரிபார்க்க எந்தத் தளம் உதவும்?

வளரும் நாடு ஒன்று புதிய தொழில் கொள்கையை வெளியிட்டால் அதில் இரண்டு எண்கள் கட்டாயம் இருக்கும். ஏற்றுமதி இவ்வளவு கூடும், இத்தனை லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும். சில வருடம் கழித்து அந்த இரண்டும் நடந்ததா என்று நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் சரிபார்க்க முடியுமா? முதல் எண்ணை ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். இரண்டாவது எண்ணுக்குப் படாத பாடு பட வேண்டும். ஏன் அப்படி என்பது இந்தத் தளங்களைப் பழகும்போதுதான் புரியும்.

நான் எடுத்துக்கொண்டவை மூன்று. ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் பிரிவு நடத்தும் காம்ட்ரேட், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குரோத் லேப் நடத்தும் அட்லஸ், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நடத்தும் ஐ.எல்.ஓ. ஸ்டாட். மூன்றையும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆயத்த ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் டாக்குமெண்டேஷன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று காகிதத்தோடு வாழ்ந்தவள். இப்போது தொழிலாளர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து உட்காரும் ஒரு வாசிப்பு வட்டத்துக்காக, வெவ்வேறு நாடுகளின் தொழில், வர்த்தகம், வேலை நிலவரம் பற்றிக் குறிப்புகள் தயாரிக்கிறேன். அந்தத் தேவையை வைத்துத்தான் இவற்றை எடை போடுகிறேன்.

காம்ட்ரேட் எனக்கு வேலை வழியாகவே அறிமுகமான உலகம். கப்பல் ஏறும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எச்.எஸ். கோடு உண்டு, அது என்ன பொருள் என்று சொல்லும் எண். உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய இந்த முறை 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கோட்டின் முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் வரும் இலக்கங்களை அந்தந்த நாடு தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். 61 என்று தொடங்கினால் பின்னலாடை, 62 என்றால் நெய்த துணியில் தைத்த ஆடை, 64 காலணி, 85 மின்சாதனம். 6109 டி-சர்ட். 610910 என்றால் பருத்தி டி-சர்ட். 60 பங்கு பருத்தியும் 40 பங்கு பாலியெஸ்டரும் கலந்த துணி என்றால் எடையில் எது அதிகமோ அதன் கோட்டில் போகும், அதாவது பருத்தியில். இப்படி 5,000க்கும் மேற்பட்ட பொருள் வகைகள்.

அந்தக் கோட்டை டைப் செய்வது என்னைப் போன்றவர்கள். அது சுங்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து நாட்டின் புள்ளிவிவரத் துறைக்கு, அங்கிருந்து ஐ.நா.வுக்கு. காம்ட்ரேடில் இப்படிச் சேர்ந்த கணக்கு 1962 வரை பின்னால் போகிறது. எந்த நாடு, எந்த நாட்டுக்கு, எந்தப் பொருளை, என்ன மதிப்பில், பெரும்பாலும் எவ்வளவு எடையில் அனுப்பியது என்பது வரை கேட்கலாம். பல நாடுகளுக்கு மாத வாரியாகவே கிடைக்கும். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் செய்துகொள்ளும் எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் இவ்வளவு நுணுக்கமான பொதுக் கணக்கு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பயன்படுத்துபவர்கள் முதலில் பழக வேண்டியது கோட்டின் பதிப்பு. 2002, 2007, 2012, 2017, 2022 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.எஸ். கோடுகள் திருத்தப்படும். ஸ்மார்ட்போனுக்கென்று தனிக் கோடு 2022 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எல்லாக் கைபேசியும் ஒரே கோடு. இது தெரியாமல் புதுக் கோட்டைப் போட்டு 2015ஐத் தேடினால் ஒன்றும் வராது, அந்த நாடு அப்போது ஒரு போன்கூட ஏற்றுமதி செய்யவில்லை என்று தோன்றும். நீண்ட காலத்தை ஒப்பிட வேண்டும் என்றால் பழைய பதிப்பு ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே கடைசி வரை நிற்பது நல்லது.

அடுத்தது, ஒரு நாட்டின் ஏற்றுமதியை அந்த நாட்டின் வாயால் மட்டும் கேட்காதீர்கள். வாங்கிய நாடும் அதே சரக்கை இறக்குமதியாகப் பதிவு செய்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதுதான் காம்ட்ரேடின் பெரிய பலம் என்பேன். இரண்டும் அச்சாகப் பொருந்தாது. ஏற்றுமதியைப் பொதுவாக எஃப்.ஓ.பி. மதிப்பில் எழுதுவார்கள், கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பு. இறக்குமதி சி.ஐ.எஃப்., அதாவது கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது. அதனால் வாங்குபவர் கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. விற்பவர் கணக்கு கூடுதலாக இருந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும். வங்கதேசத்தில் 2024 ஜூலையில் அப்படி ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நாட்டின் மத்திய வங்கி ஏற்றுமதிக் கணக்கைத் திருத்தியபோது, அதுவரை அறிவிக்கப்பட்டு வந்த தொகையிலிருந்து 1,000 கோடி டாலருக்கும் மேல் குறைந்தது. ஒரே சரக்கை ஒரு தடவைக்கு மேல் எண்ணியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஏற்றுமதி குறைந்தால் நாட்டு உற்பத்திக் கணக்கும் ஆட்டம் காணும். அதை நம்பி எழுதிய கொள்கைகளின் கதியும் அதுதான்.

கோடு போடும் இடத்திலும் சாய்வு உண்டு. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், இரண்டு கோட்டில் எதிலும் போகலாம் என்கிற மாதிரியான உடுப்பு வந்தால், டிராபேக், அதாவது ஏற்றுமதி செய்தால் அரசு திருப்பித் தரும் வரி, எதில் கூடுதலோ அதன் பக்கமே மேலிடம் கை காட்டும். சிறிய விஷயம்தான். ஆனால் ஊக்கத்தொகையை அரசு மாற்றிய மாதத்தில் ஒரு கோட்டின் வரைபடம் திடீரென்று ஏறுவதைப் பார்த்தால், உற்பத்தி ஏறியதா, எழுதும் கோடு மாறியதா என்று இரண்டையும் கேட்க வேண்டும் என்பதை அந்த மேசை எனக்குக் கற்றுக் கொடுத்தது.

காம்ட்ரேடில் பதிவு செய்யாமல் முன்னோட்டமாகப் பார்க்கலாம், இலவசமாகப் பதிவு செய்தால் இன்னும் அதிக வரிகளை இறக்கிக்கொள்ளலாம். மொத்தமாக அள்ளிக்கொள்வதற்குத்தான் சந்தா. ஒரு நாடு, ஒரு பொருள், பத்து ஆண்டு என்று கேட்பவருக்குச் சந்தா தேவையே இல்லை.

இதன் பெரிய குறை, தளத்தை நடத்துபவர்களின் குறை அல்ல, சுங்கக் கணக்கு என்பதன் இயல்பு. எல்லையைத் தாண்டும்போது பொருளின் முழு மதிப்பும் கடைசியாக அனுப்பிய நாட்டின் பெயரில் ஏறும். இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ஐபோன். ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 2009இல் ஐபோன் 3ஜி ஒன்றின் உற்பத்திச் செலவு 178.96 டாலர் என்று கணக்கிட்டது. அதில் சீனாவில் நடந்த அசெம்பிளி வேலையின் பங்கு 6.50 டாலர். சுங்கக் கணக்கிலோ அந்த 178.96 டாலரும் சீனாவின் ஏற்றுமதி. ஒரு நாட்டின் மின்னணு ஏற்றுமதி பத்து மடங்கு ஆனது என்று தலைப்புச் செய்தி வரும்போது, இறக்குமதியான உதிரிப் பாகங்களின் கோடுகளையும் காம்ட்ரேடிலேயே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். எவ்வளவு உள்ளே வந்து எவ்வளவு வெளியே போனது என்ற வித்தியாசத்தில்தான் அந்த நாட்டுத் தொழிலாளியின் கூலியும் அடங்கியிருக்கிறது.

இனி அட்லஸ். காம்ட்ரேடில் இருக்கும் அதே கணக்கைச் சுத்தப்படுத்தி, விற்பவர் சொன்னதையும் வாங்கியவர் சொன்னதையும் ஒப்பிட்டு, எந்த நாட்டின் பதிவு எவ்வளவு நம்பத்தக்கது என்று மதிப்பிட்டு, படமாக வரைந்து தருகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. நாட்டையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்தால் ஒரு பெரிய செவ்வகம் வரும். அதற்குள் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் ஏற்றுமதி அளவுக்கு ஒரு கட்டம். விவசாயப் பொருளுக்கு மஞ்சள், துணிமணிக்குப் பச்சை என்று துறை வாரியாக நிறம்.

வியட்நாமை 1995க்கு வைத்துப் பார்த்தால் காபி, அரிசி, கச்சா எண்ணெய், காலணி, ஆடை என்று இருக்கும். அப்படியே ஆண்டை நகர்த்திக்கொண்டே வந்தால் 2010ஐ ஒட்டி மின்னணுப் பொருட்களின் கட்டம் முளைத்துச் சில வருடங்களிலேயே பக்கத்தில் இருப்பவற்றை எல்லாம் ஓரம் கட்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1986இல் தொடங்கிய தோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தம், 2001 இறுதியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம், 2007இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, அதையடுத்துப் பாக் நின் மாநிலத்தில் சாம்சங் ஆலை வந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே படத்தை நகர்த்தினால் கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

ஆனால் அட்லஸ் படம் காட்டுவதோடு நிற்பதில்லை. நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறது, ஆலோசனையும் சொல்கிறது. ஒரு நாடு எத்தனை வகைப் பொருட்களை உலகச் சராசரியைவிடக் கூடுதல் பங்கில் ஏற்றுமதி செய்கிறது, அந்தப் பொருட்களை வேறு எத்தனை நாடுகள் அப்படிச் செய்கின்றன என்பதை வைத்துப் பொருளாதாரச் சிக்கல்தன்மைக் குறியீடு என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். பலவிதப் பொருள், அதுவும் மற்றவர்களால் சுலபமாகச் செய்ய முடியாத பொருள் என்றால் மதிப்பெண் கூடும். ஜப்பான் நெடுங்காலம் அதன் உச்சியில் இருந்தது. பிறகு, இப்போது செய்யும் பொருட்களுக்கு அருகில் இருக்கும் புதிய பொருட்கள் எவை என்று ஒரு வலைப்படம். இந்த நாடு துணிந்து பெரிய முயற்சி எடுக்கலாம், இந்த நாட்டுக்குக் கொஞ்சம் கைதூக்கிவிட்டால் போதும் என்று நாட்டுக்கு நாடு தொழில் கொள்கை அணுகுமுறையும் சொல்லியிருப்பார்கள்.

அந்த அருகாமை யோசனையில் உண்மை இருக்கிறது. சட்டை தைக்கத் தெரிந்த இடத்தில் பேன்ட் தைக்க ஆரம்பிப்பது சுலபம், கப்பல் கட்ட ஆரம்பிப்பது கடினம். ஆனால் தென் கொரியா 1968இல் போஹாங் இரும்பு ஆலை நிறுவனத்தைத் தொடங்கியபோது உலக வங்கி அதற்கு எதிராகவே இருந்தது, இந்த ஏழை நாட்டுக்கு இரும்பாலை கட்டுப்படியாகாது என்று. ஜப்பானிடமிருந்து வந்த இழப்பீட்டு நிதியில் ஒரு பகுதியைப் போட்டுக் கட்டி 1973இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். பின்னாளில் கொரியக் கப்பலும் காரும் அந்த இரும்பில் ஓடின. அருகில் எது இருக்கிறது என்று வரைபடம் காட்டும். தூரத்தில் இருப்பதைப் பிடிக்க ஓர் அரசு எவ்வளவு காலம் பொறுமையாகச் செலவு செய்யும், இலக்கை எட்டாத முதலாளிக்குக் கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடுங்கும் தைரியம் அதற்கு உண்டா என்பதெல்லாம் எந்தக் கோட்டிலும் பதிவாவதில்லை.

எனக்கு அட்லஸோடு இருக்கும் பெரிய பேச்சு வங்கதேசத்தைப் பற்றியது. ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடை. எந்த ஆண்டை வைத்தாலும் செவ்வகம் முழுக்கப் பச்சை. அதனால் சிக்கல்தன்மைப் பட்டியலில் அந்த நாடு கீழேதான் கிடக்கிறது. அந்தப் பச்சை எப்படி வந்தது என்று பாருங்கள். பணக்கார நாடுகள் 1974 முதல் பல்லிழை ஒப்பந்தத்தின் கீழ் ஆடை இறக்குமதிக்கு நாடு வாரியாகக் கோட்டா வைத்தன. கோட்டாவில் மாட்டிக்கொண்ட கொரிய நிறுவனமான தேவூ, கோட்டா தொடாத இடம் தேடி வந்து வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸோடு கைகோத்தது. 1979இல் 130 பேர் பூசான் நகரிலிருந்த தேவூ ஆலைக்குப் பயிற்சிக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் 115 பேர் அடுத்த சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறி, தாங்களே ஆலை தொடங்கினார்கள் அல்லது புதிய ஆலைகளில் சேர்ந்து தொழிலைப் பரப்பினார்கள். இன்று அந்தத் துறையில் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள்.

அட்லஸின் அடிப்படைக் கோட்பாடே தொழில் அறிவு மனிதர்களின் கையிலும் தலையிலும் இருக்கிறது, அவர்கள் வழியாகத்தான் பரவுகிறது என்பது. அந்த 130 பேரைவிட அதற்கு நல்ல சாட்சி கிடையாது. அப்படியிருக்க, தளம் முழுக்கத் தேடினாலும் மனிதர்கள் இல்லை. கூலிக்கு வேலை என்பதையே முதல் முறையாகப் பார்த்த லட்சக்கணக்கான பெண்கள் அந்தப் பச்சைக்குள் இருக்கிறார்கள், அவர்கள் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அட்லஸில் 2012, 2013, 2014 என்று நகர்த்திப் பாருங்கள். ஆடை ஏற்றுமதி ஏறிக்கொண்டே போகிறது. இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, அந்தத் தளம் எதை அளக்கிறதோ அதைச் சரியாகவே அளக்கிறது. அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் கொள்கை வெற்றி, தோல்வி என்று கட்டுரை எழுதுபவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

சரி, மனிதர்களை எண்ணுவது யார்? அதற்குத்தான் ஐ.எல்.ஓ. ஸ்டாட். மூன்றில் நான் அதிக நேரம் செலவிடுவதும், முதலில் வருபவர்களை அதிகம் திணறடிப்பதும் இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கோணல் வேலையின்மை விகிதம். கம்போடியா, நைஜர் போன்ற நாடுகளுக்கு ஐ.எல்.ஓ. மதிப்பீட்டில் வேலையின்மை 1 சதவீதத்துக்கும் கீழே. தென்னாப்பிரிக்காவுக்கு 30 சதவீதத்துக்கும் மேலே. இதைப் பார்த்து நைஜரில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சர்வதேச வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். உதவித்தொகையும் சேமிப்பும் இல்லாத நாட்டில் யாரும் வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க முடியாது, எதையாவது விற்பார்கள், எதையாவது சுமப்பார்கள். ஆகவே ஏழை நாட்டின் வேலை நிலவரத்தைப் பார்க்க வேலையின்மை விகிதத்தைத் திறக்காதீர்கள். வேலை செய்பவர்களில் எத்தனை பேர் சம்பளத்துக்கு இருப்பவர்கள், எத்தனை பேர் சுயமாகச் சில்லறைத் தொழில் செய்பவர்கள், எத்தனை பேர் கூலியில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவர்கள் என்று பிரித்துக் காட்டும் அட்டவணை இருக்கிறது. முறைசாரா வேலைக்குத் தனி அட்டவணை இருக்கிறது. உலகத் தொழிலாளர்களில் சுமார் 200 கோடி பேர், அதாவது 60 சதவீதத்துக்கும் மேல், முறைசாரா வேலையில் இருப்பதாக ஐ.எல்.ஓ. 2018இல் கணக்கிட்டது. தொழில் கொள்கை வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த இரண்டும்தான் சரியான இடம்.

இரண்டாவது, வரையறை மாறிய கதை. 2013இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19வது சர்வதேச மாநாடு, சம்பளத்துக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டுமே வேலைவாய்ப்பு என்று தீர்மானித்தது. தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் பயிர் செய்பவர் அதுவரை வேலையில் இருப்பவராக எண்ணப்பட்டார். புது வரையறையில் அவர் செய்வதும் உழைப்புதான், ஆனால் வேலைவாய்ப்புக் கணக்கில் வரமாட்டார். ருவாண்டா போன்ற சிறு விவசாயிகள் நிறைந்த நாடுகளில் இதை நடைமுறைப்படுத்தியபோது வேலையில் இருப்போர் விகிதம் வெகுவாக இறங்கியது. யாரும் வேலை இழக்கவில்லை. விவசாயத்தின் பங்கும் அதனால் குறைந்து, மற்ற துறைகளின் பங்கு உட்கார்ந்த இடத்திலேயே கூடியது. ஐ.எல்.ஓ. ஸ்டாட் எந்த அட்டவணை எந்த வரையறைப்படி என்பதைக் குறித்தே வைத்திருக்கிறது. பழையதோடு புதியதை ஒட்டி, விவசாயத்திலிருந்து மக்கள் ஆலைக்கு நகர்ந்துவிட்டார்கள் என்று யாராவது கோடு வரைந்தால் அந்தக் குறிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவது, ஆலை வேலையைத் தேடுபவர்கள் விழும் குழி. விவசாயம், தொழில், சேவை என்று மூன்றாகப் பிரித்த எளிய அட்டவணைதான் எல்லா இடத்திலும் சுற்றி வருகிறது. உலக வங்கித் தளத்திலும் இதே எண்தான், மூலம் ஐ.எல்.ஓ. அதில் தொழில் என்பதற்குள் உற்பத்தி ஆலை மட்டும் இல்லை. சுரங்கம், மின்சாரம், குடிநீர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டட வேலை. வளரும் நாடுகள் பலவற்றில் தொழில் துறை வேலை கூடியது என்று காட்டும் எண்ணில் பெரும் பகுதி சித்தாள், கொத்தனார் வேலை. கட்டட வேலையும் மரியாதையான உழைப்புதான். ஆனால் ஆலைகளுக்குக் கொடுத்த வரிச்சலுகைக்கு ஆதாரமாக அதைக் காட்டக்கூடாது. இன்னும் விரிவான துறை அட்டவணைக்குள் போய் உற்பத்தித் துறையைத் தனியாக எடுங்கள்.

அப்புறம், மிக முக்கியமானது, எது கணக்கெடுத்த எண், எது கணித மாதிரி வைத்து மதிப்பிட்ட எண் என்பது. பல ஏழை நாடுகளில் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடப்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு, மற்ற தகவல்களை வைத்து ஒரு கணித மாதிரி மூலம் எண் நிரப்புகிறார்கள். அதை மறைக்கவும் இல்லை, மதிப்பீடு என்ற குறி பக்கத்திலேயே இருக்கும். ஆனால் வரைபடமாக வரைந்துவிட்டால் கோடு ஒரே வழவழப்பாகப் போகும், குறி காணாமல் போய்விடும். இந்த மூன்று தளங்களையும் பற்றி ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால், அந்தக் குறியைப் பார்க்கும் பழக்கம் நிற்கட்டும்.

எத்தியோப்பியாவில் அது எப்படித் தெரிகிறது பாருங்கள். 2016இல் ஹவாசா தொழிற்பூங்காவைத் திறந்தார்கள், முழுதாக இயங்கும்போது 60,000 பேருக்கு வேலை என்று. அமெரிக்காவின் ஆப்பிரிக்க வளர்ச்சி மற்றும் வாய்ப்புச் சட்டத்தின்படி ஆடைகளுக்குச் சுங்க வரி கிடையாது என்பதுதான் ஆலைகளை இழுத்த காந்தம். உள்நாட்டுப் போரில் நடந்த மனித உரிமை மீறல்களைக் காரணமாகச் சொல்லி அமெரிக்கா 2022 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகையை நிறுத்தியது. பூங்காவின் முக்கிய நிறுவனம் ஒன்று 2021 நவம்பரிலேயே வெளியேறுவதாக அறிவித்தது. இதில் வர்த்தகத்துக்கு என்ன ஆனது என்று பார்க்க, காம்ட்ரேடில் அமெரிக்காவின் இறக்குமதியைத் திறந்து, எத்தியோப்பியாவைத் தேர்ந்து, 61, 62 என்று போட்டால் போதும். மாதா மாதம் கிடைக்கும். சரி, எத்தனை தையல்காரப் பெண்கள் வேலை இழந்தார்கள்? நாடு முழுவதற்குமான தொழிலாளர் கணக்கெடுப்பு அங்கே 1999, 2005, 2013, 2021 என்று நீண்ட இடைவெளி விட்டே நடந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னது சலுகை நிற்பதற்கு முந்தைய ஆண்டு. அதற்குப் பிந்தைய தேசிய எண்ணை மதிப்பீடுதான் நிரப்ப வேண்டும். ஓர் ஆணையில் வேலை போனவர்களின் எண்ணிக்கை எந்த மாதிரிக்குள்ளும் அகப்படாது. டி-சர்ட்டின் கணக்கு 6 இலக்கத்தில், மாதா மாதம், இரண்டு நாட்டுச் சாட்சியோடு இருக்கிறது. அதைத் தைத்தவரின் கணக்கு எட்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறது.

இதற்கு ஐ.எல்.ஓ.வைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடுகள் எண்ணினால்தான் அவர்களால் தொகுக்க முடியும். சரக்கை எண்ணுவதில் அரசுக்கு வரி வருமானம் இருக்கிறது, அதனால் எல்லையில் ஆள் போட்டு எண்ணுகிறார்கள். வேலையை எண்ணச் செலவுதான் ஆகும். வேலை தருவோம் என்று சொல்லித்தான் ஒவ்வொரு கொள்கையும் நிலத்தையும் மின்சாரத்தையும் வரிச்சலுகையையும் அள்ளிக் கொடுக்கிறது என்றால், அந்தச் சலுகையின் ஒரு சிறு பங்கைக் கணக்கெடுப்புக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். சலுகை வாங்கும் ஆலை ஷிப்பிங் பில் கொடுப்பதுபோல ஆள் கணக்கையும் பொதுவில் கொடுக்கட்டும்.

இந்த மூன்றோடு நிற்காமல் போக விரும்புபவர்களுக்கு இன்னும் இரண்டு. வியன்னாவில் இருக்கும் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோவின் இன்ட்ஸ்டாட்டில் உற்பத்தித் துறையின் உட்பிரிவு வாரியாக ஆலைகளின் எண்ணிக்கை, பணியாளர், சம்பளம், கூட்டு மதிப்பு (வாங்கிய பொருட்களின் செலவு போக ஆலை சேர்த்த மதிப்பு) எல்லாம் கிடைக்கும். ஆடை ஏற்றுமதி இரட்டிப்பானபோது அந்தத் துறையின் சம்பளத் தொகை எவ்வளவு கூடியது என்று பார்க்க இதுதான் வழி. ஆனால் பல நாடுகளுக்கு அதில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட, பதிவு பெற்ற ஆலைகள் மட்டுமே வரும். பட்டன் தைத்து, நூல் வெட்டி, பீஸ் ரேட்டில் வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுக்கும் பெண்கள் அதிலும் இல்லை.

இன்னொன்று, நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகமும் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட பொருளாதார மாற்றத் தரவுத்தொகுப்பு. 51 நாடுகள், 12 துறைகள், 1990 முதல் 2018 வரை. ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர், அவர்கள் உருவாக்கிய மதிப்பு எவ்வளவு என்று ஒரே எக்செல் கோப்பு. உற்பத்தித் துறையும் கட்டட வேலையும் தனித்தனியாக இருப்பதால் மேலே சொன்ன குழியில் விழ வேண்டியதில்லை. தென் கொரியாவில் 1990இல் உழைப்பவர்களில் கால் பங்குக்கு மேல் ஆலையில் இருந்தார்கள், 2018இல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பணக்கார நாடாகிவிட்டு இறங்கியது அது. அந்த உயரத்தைத் தொடாமலே, வருமானம் இன்னும் குறைவாக இருக்கும்போதே ஆலை வேலையின் பங்கு உச்சம் தொட்டு இறங்கும் போக்கை ஆய்வாளர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கவலையோடு பேசி வருகிறார்கள். உங்களுக்கு ஆர்வமுள்ள நாடு எந்தப் பக்கம் போகிறது என்று இந்தக் கோப்பில் நீங்களே பார்க்கலாம். 2018க்குப் பிறகு உள்ள ஆண்டுகளுக்கு ஐ.எல்.ஓ. ஸ்டாட்டுக்குத் திரும்பி வாருங்கள், அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே.